நோபல் பரிசு வாங்கிய பவுடர்

“மச்சான், இதைக் கண்டுபிடிச்சதுக்கு நோபல் பரிசே குடுத்திருக்காங்க.”

மாட்டுப் பொங்கலன்று மத்தியானம், சாப்பிட்டு இலையை எடுத்த கையோடு என் தாய்மாமன் அப்பாவிடம் சொன்னது இது. மடியில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் டப்பா. ஆரஞ்சுப் பழம் படம் போட்ட லேபிள், அதன் மேல் ‘எல்-அர்ஜினைன்’ என்று கொட்டை எழுத்து. மாமா பையன் ஜிம்முக்குப் போகிறவன். தசை புடைக்க வேண்டும் என்று அங்கே இதைக் கலக்கிக் குடிக்கிறார்களாம். அவன் எங்கோ படித்திருக்கிறான்: இது ரத்தக் குழாயை விரிக்கும், அதனால் நெஞ்சுவலிக்காரர்களுக்கும் நல்லது. மாமா உடனே ஒரு டப்பா வாங்கிக்கொண்டு சூலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. அப்பா ஆவணியில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது ஐந்து ராத்திரி வராண்டாவில் பாய் விரித்துப் படுத்தவர் அவர்தான். அதனால்தான் எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை.

அப்பாவுக்கு வந்தது மாரடைப்பு. ஆஞ்சியோ பண்ணி பெரிய குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். ஓரத்தில் இன்னொரு சின்னக் குழாயிலும் அடைப்பு உண்டு, அதை மாத்திரையிலேயே ஓட்டலாம் என்றார் டாக்டர். அந்தச் சின்னக் குழாய்தான் இன்றைக்கும் எங்கள் வீட்டின் வானிலை அறிக்கை. மேடு ஏறினால், விடியற்காலைக் குளிரில் நடந்தால், வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே எழுந்தால் அப்பா நின்றுவிடுவார். “வலியெல்லாம் இல்ல சாமி, யாரோ உள்ளங்கையை வச்சு அமுக்குற மாதிரி.” இரண்டு நிமிடம் நின்றால் விட்டுவிடும். விடாவிட்டால் சட்டைப் பையிலிருக்கும் சார்பிட்ரேட் நாக்குக்கு அடியில் போகும். இங்கிலாந்தில் வில்லியம் ஹெபர்டன் என்ற மருத்துவர் 1772இல் இந்த நோய்க்குப் பேர் வைத்து எழுதியதைப் பின்னர் படித்தேன். மேட்டில் நடக்கும்போதும் சாப்பிட்ட உடனேயும் வரும், நின்றால் போய்விடும் என்று அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியது போலவே இருக்கிறது.

சரி, டப்பாவுக்கு வருவோம். அப்பா அன்று ராத்திரியே ஆரம்பித்துவிட்டார். தினம் மூன்று வேளை, வேளைக்கு ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீரில். மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு மருதமலைக்குப் போனவர், பஸ்ஸில் மேலே போகாமல் படியேறிவிட்டு வந்தார். மண்டபத்துக்கு மண்டபம் உட்கார்ந்து உட்கார்ந்துதான், ஆனால் ஒரு தடவைகூட மாத்திரை போடவில்லை. வீட்டுக்கு வந்ததும் மாமாவுக்குத்தான் முதல் ஃபோன். அந்தப் பக்கமிருந்து வந்த சிரிப்பு சமையலறை வரைக்கும் கேட்டது.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மாமா பொய் சொல்லியிருந்தால் விஷயம் சுலபம். சொன்னதெல்லாம் ஏறக்குறைய உண்மையாக இருந்ததுதான் தொந்தரவே.

கதை எல்லாம் சரிதான்

நோபல் பரிசு உண்மை. 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான பரிசை ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் என்ற மூன்று அமெரிக்கர்கள் பகிர்ந்துகொண்டார்கள். ரத்தக் குழாயின் உள்சுவர் ஒரு வாயுவைச் சுரந்து குழாயைத் தளர்த்துகிறது, அந்த வாயு நைட்ரிக் ஆக்சைடு என்று காட்டியதற்காக. ஃபர்ச்காட்டின் பங்கு எனக்கு ரொம்பப் பிடித்த கதை. முயலின் ரத்தக் குழாய்த் துண்டுகளை வைத்துப் பல வருஷம் சோதனை செய்தவர். ஒரே மருந்து ஒரு நாள் குழாயைச் சுருக்கும், இன்னொரு நாள் தளர்த்தும். துண்டை வெட்டித் தயார் செய்யும்போது உள்சுவரின் மெல்லிய படலம் உரசி உதிர்ந்துவிட்டால் தளர்ச்சி வராது, படலம் இருந்தால் வரும் என்று பிடித்தார். 1980இல் அதை எழுதினார். ஒரு நூற்பாலையின் தரக்கட்டுப்பாட்டு லேபில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். சாம்பிள் தயாரிப்பதில் கை தவறினால் முடிவே தலைகீழாகும் என்பது எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தவறையே உற்றுப் பார்த்து நோபல் வரை போவதற்கு வேறு மாதிரி ஆள் வேண்டும்.

அடுத்ததும் உண்மை. அந்த வாயுவை உடம்பு எதிலிருந்து செய்கிறது? அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து. லண்டனில் சால்வடார் மொன்காடாவின் குழு 1988இல் இதைக் காட்டியது. அப்பாவின் சார்பிட்ரேட்டும் அதே வாயுவின் வழியாகத்தான் வேலை செய்கிறது. அது நைட்ரேட் வகை, உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடைக் கொடுக்கும், குழாய்கள் தளரும், இதயத்தின் பாரம் குறையும். அந்தக் குடும்பத்தின் மூத்த மருந்து நைட்ரோகிளிசரின். 1879இலேயே வில்லியம் முரெல் அதை நெஞ்சுவலிக்குக் கொடுத்து எழுதியிருக்கிறார். டைனமைட்டில் இருப்பதும் அதேதான். டைனமைட் செய்த ஆல்ஃபிரட் நோபலுக்கே கடைசிக் காலத்தில், 1896இல், இதயத்துக்காக டாக்டர்கள் நைட்ரோகிளிசரின் எழுதிக் கொடுத்தார்கள். விதியின் கேலியைப் பாருங்கள் என்று அவரே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். மருந்துக்கடைக்காரரும் ஜனங்களும் பயந்துவிடக் கூடாது என்று அதை வேறு பேரில் விற்றார்களாம்.

ஆக, வலிக்குக் காரணம் குழாய் விரியாதது. விரிப்பது நைட்ரிக் ஆக்சைடு. அதன் மூலப்பொருள் அர்ஜினைன். அதனால் அர்ஜினைன் சாப்பிட்டால் வலி குறையும். இதில் எங்கே ஓட்டை? ஒரு வாரம் நானும் தேடினேன். என் தங்கைக்குக் கர்ப்பத்தில் பனிக்குட நீர் குறைவு என்று இதே அர்ஜினைன் பாக்கெட்டுகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதனால் வீட்டில் யாருக்கும் இது அந்நியப் பொருளாகவும் தெரியவில்லை. “புள்ளத்தாச்சிக்கே குடுக்கிறாங்க” என்று அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்.

ஓட்டை இருந்த இடம் என் மில் கண்ணுக்குத்தான் முதலில் புரிந்தது. குடோனில் பஞ்சு பேல் கூரை வரை அடுக்கியிருக்கிறது. நூல் உற்பத்தி குறைகிறது. இன்னும் ஒரு லாரி பஞ்சு இறக்கினால் நூல் கூடுமா? கூடாது. ஸ்பின்னிங்கில் நூல் நூற்கும் கதிர், அதாவது ஸ்பிண்டில், எத்தனை ஓடுகிறது என்பதுதான் கணக்கு. உடம்பிலும் அப்படியே. அர்ஜினைனை நைட்ரிக் ஆக்சைடாக மாற்றும் நொதி பாதி வேகத்தில் ஓடுவதற்கு வேண்டிய அர்ஜினைன் மிகக் கொஞ்சம். சாதாரணமாக நம் ரத்தத்தில் இருப்பது அதைப்போல் இருபது முப்பது மடங்கு. பருப்பில் இருக்கிறது, கடலையில் இருக்கிறது, கறியில் இருக்கிறது, போதாதென்று உடம்பே தயாரித்துக்கொள்கிறது. குடோன் எப்போதுமே நிரம்பித்தான் கிடக்கிறது. இதையும் மீறிச் சில சோதனைகளில் அர்ஜினைன் ஏற்றியபோது குழாய் தளர்ந்ததால் இதை ‘அர்ஜினைன் புதிர்’ என்றே ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். வாயால் சாப்பிடும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. குடலும் கல்லீரலும் வழியிலேயே கணிசமான பங்கை உடைத்துவிடும். எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் தந்தது வேறு. நோய்ப்பட்ட குழாயில் அந்த நொதியே பழுதாகி நைட்ரிக் ஆக்சைடுக்குப் பதில் கெடுதலான ஆக்சிஜன் கூறுகளைக் கக்கக்கூடும். பழுதான மெஷினில் பஞ்சை அதிகம் போட்டால் நூல் வராது, கழிவுதான் கூடும். மில்லில் தினம் பார்ப்பது.

இருந்தாலும் இது என் யோசனை. யோசனையும் ஒரு கதைதான். மாமாவிடம் ஒரு கதை, என்னிடம் ஒரு எதிர்க்கதை. இரண்டில் எது என்று சோதனை செய்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்பூனை எடை போட்டேன்

தேடினால் ஆரம்பத்தில் மாமா பக்கம்தான் காற்று. 1997இல் போலந்தில், நெஞ்சுவலி உள்ள 22 பேருக்கு தினம் 6 கிராம் அர்ஜினைன் மூன்று நாள் கொடுத்துப் பார்த்தார்கள். டிரெட்மில்லில் கொஞ்சம் கூடுதலாக நடந்தார்கள். 2002இல் அமெரிக்காவில் அர்ஜினைன் கலந்த தின்பண்டக் கட்டி ஒன்றை 36 பேருக்கு இரண்டு வாரம் கொடுத்தார்கள். அதிலும் நடை கூடியது. ஆனால் 2000இல் வந்த இன்னொரு ஆய்வில், இதய நோய்க்கு ஏற்கெனவே மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த 30 பேருக்கு தினம் 9 கிராம் ஒரு மாதம் கொடுத்தும் நைட்ரிக் ஆக்சைடும் கூடவில்லை, குழாயும் கூடுதலாக விரியவில்லை. இருபது பேர், முப்பது பேர், மூன்று நாள், இரண்டு வாரம். ஒரு கோனை எடுத்துச் சோதித்துவிட்டு முழு லாட்டையும் பாஸ் போட்டால் மில்லில் என்னை வேலையை விட்டு அனுப்புவார்கள்.

அதற்கப்புறம்தான் அந்த 2006ஆம் வருஷத்து ஆய்வு கண்ணில் பட்டது. ஜான்ஸ் ஹாப்கின்ஸ்காரர்கள் நடத்தியது, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஜனவரியில் வந்தது. முதல் மாரடைப்பு வந்து மூன்று வாரத்துக்குள் இருந்த 153 பேர். பாதிப்பேருக்கு அர்ஜினைன், மீதிப்பேருக்கு மருந்தே இல்லாத டம்மி. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இதயத்தின் பம்ப் பலத்திலும் வித்தியாசமில்லை, குழாயின் விறைப்பிலும் வித்தியாசமில்லை. ஆனால் அர்ஜினைன் சாப்பிட்டவர்களில் ஆறு பேர் இறந்துபோயிருந்தார்கள். டம்மி சாப்பிட்டவர்களில் ஒருவர்கூட இல்லை. கண்காணிப்புக் குழு சோதனையைப் பாதியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டது. மாரடைப்புக்குப் பின் இதைக் கொடுக்காதீர்கள் என்றுதான் கட்டுரை முடிகிறது.

அளவு: 3 கிராம், தினம் மூன்று வேளை.

அந்த வரியைப் படித்தது ராத்திரி பதினொரு மணிக்கு. எழுந்துபோய் சமையலறை விளக்கைப் போட்டு டப்பாவைத் திறந்தேன். பவுடருக்குள் பாதி புதைந்து கிடந்த மஞ்சள் ஸ்பூன். லேபிளில் ‘1 ஸ்பூன் 3 கிராம், தினம் மூன்று முறை’. மறுநாள் ஸ்பூனையும் கொஞ்சம் பவுடரையும் டிபன் பாக்ஸில் போட்டு மில்லுக்குக் கொண்டுபோனேன். நூல் எடை பார்க்கும் தராசு மில்லிகிராம் வரை காட்டும். மட்டமாக வழித்து வைத்தால் 3.08. அப்பா எடுப்பது போல் கோபுரமாக எடுத்தால் 4.41. மூன்று வேளைக்கு 13 கிராமுக்கு மேல். அந்த ஆறு பேர் சாப்பிட்டதைவிட அப்பா சாப்பிடுவது அதிகம். தராசின் கண்ணாடிக் கதவை மூடாமல் அப்படியே நின்றேன். லேபில் கூட வேலை பார்க்கும் பெண் “என்னக்கா, சாம்பிள் ஃபெயிலா?” என்றாள்.

நியாயமாகவும் பேச வேண்டும். அந்த ஆய்வில் இருந்தவர்கள் மாரடைப்பு வந்த சூட்டோடு இருந்தவர்கள். அப்பாவுக்கு ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஆறுக்குப் பூஜ்யம் என்பது பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் சின்ன எண்தான், தற்செயலும் அதில் கலந்திருக்கலாம். ஆனால் தராசின் இன்னொரு தட்டில் என்ன இருக்கிறது? அடுத்த வருஷம் கால் ரத்தக் குழாய் அடைப்புக்காரர்கள் 133 பேருக்கு தினம் 3 கிராம் ஆறு மாதம் கொடுத்த ஆய்வு வந்தது. டம்மி சாப்பிட்டவர்களின் நடைதூரம் 28.3 சதவீதம் கூடியது, அர்ஜினைன் சாப்பிட்டவர்களுடையது 11.5 சதவீதம்தான். டம்மிக்காரர்கள் ஜெயித்துவிட்டார்கள். நல்லது நிச்சயமில்லை, கெட்டது இருக்கலாம். இந்த மாதிரி சரக்கை நான் எந்தப் பார்ட்டிக்கும் அனுப்ப மாட்டேன்.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். அப்புறம் கேட்டார்: “அந்த ஆறு பேரு யாரு சாமி? நான் இங்க மருதமலை ஏறிட்டு வந்திருக்கேன்.”

எனக்குப் பதில் வரவில்லை. ஐந்து ஆய்வு, ஏறக்குறைய நானூறு பேர், பத்து வருஷ ஆராய்ச்சி. எல்லாம் ஒரு மருதமலைக்கு முன்னால் நிற்கவில்லை.

‘எனக்குக் குறைஞ்சிருக்கு’

இந்த வாக்கியத்தோடுதான் நான் ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அப்பா பொய் சொல்லவில்லை, குறைந்திருக்கிறது. நானே கண்ணால் பார்த்தேன். நெஞ்சுவலியை வைத்து ஏமாந்தவர்கள் அப்பாவும் மாமாவும் மட்டுமில்லை என்று படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. 1950களில் நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் ஓடும் ஒரு தமனியைக் கட்டிவிட்டால் அந்த ரத்தம் இதயத்தின் பக்கம் திருப்பிவிடப்படும் என்று ஒரு ஆபரேஷன் பிரபலமாக இருந்தது. நோயாளிகளும் குறைஞ்சிருக்கு என்றுதான் சொன்னார்கள். 1959இல் சியாட்டிலில் லியனர்ட் காப் என்பவர் 17 பேரை எடுத்துக்கொண்டு, பாதிப்பேருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்து அனுப்பினார். அவர்களுக்கும் அதே அளவு குறைந்தது. அந்த ஆபரேஷன் அதோடு வழக்கொழிந்தது. இன்றைக்கு அப்படி ஒரு சோதனைக்கு எந்த நெறிமுறைக் குழு ஒத்துக்கொள்ளும் என்று நினைத்தேன். ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். 2017இல் லண்டனில் ரஷா அல்-லமீயும் அவர் குழுவும் 200 நெஞ்சுவலிக்காரர்களை எடுத்து, ஒரு பாதிக்கு ஸ்டென்ட் வைத்தார்கள், மறுபாதிக்கு வைப்பது போல எல்லாம் செய்துவிட்டு வைக்காமல் விட்டார்கள். டிரெட்மில்லில் வித்தியாசம் 16.6 விநாடி. அதையும் வித்தியாசம் என்று அடித்துச் சொல்ல முடியாத நிலை. அதே குழு 2023இல் மாத்திரைகளை நிறுத்திவிட்டு 301 பேரை வைத்து இன்னொரு தடவை பார்த்தபோதுதான் ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. (இது மாரடைப்பு வந்துகொண்டிருக்கும்போது வைக்கும் ஸ்டென்டைப் பற்றிய பேச்சு இல்லை. அது உயிர் காப்பது, அதில் சந்தேகம் வேண்டாம்.) உலோகத்தில் செய்து இதயத்துக்குள் கொண்டுபோய் வைக்கும் ஒன்றே இப்படிப் பரீட்சை எழுத வேண்டியிருக்கிறது. ஆரஞ்சு வாசனைப் பவுடர் எழுத வேண்டாமா?

நோபல் பரிசு என்றால் லினஸ் பாலிங் நினைவுக்கு வருவார். தனியாக இரண்டு நோபல் வாங்கியவர், 1954இல் வேதியியலுக்கு, 1962ஆம் ஆண்டுக்கான பரிசு அமைதிக்கு. அவரும் முதுமையில் லைசின் என்ற அமினோ அமிலமும் வைட்டமின் சியும் சேர்த்துச் சாப்பிட்டால் நெஞ்சுவலி போகும் என்றார். ஆதாரமாக 1991இல் அவர் வெளியிட்டது ஒரு நோயாளியின் கதை. அந்த நோயாளிக்கும் குறைந்திருந்தது. மாமா சொன்ன நோபல்காரர்களில் ஒருவரான இக்னாரோவே பின்னாளில் அர்ஜினைன் கலந்த ஒரு பானத்துக்காகப் பேசியவர்தான். பரிசு கண்டுபிடிப்புக்கு, டப்பாவுக்கு இல்லை.

இப்படி நெஞ்சுவலிக்கு நல்லது என்று சொல்லப்படும் அமினோ அமிலங்களில் கார்னிடின் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி. அசல் கணக்கில் புரதத்தில் சேராத அமிலம், கொழுப்பைச் செல்லின் உலைக்குள் தள்ளும் வேலை செய்வது. 2013இல் 13 ஆய்வுகளைக் கூட்டிப் பார்த்து நெஞ்சுவலி 40 சதவீதம் குறைகிறது என்றுகூட ஒரு கட்டுரை வந்தது. ஆனால் அந்தப் பதின்மூன்றில் பல பழையவை, சிறியவை. இருப்பதில் பெரியது, 2,330 பேரை வைத்து இத்தாலியில் நடந்தது, எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை. அதே 2013இல் கிளீவ்லாண்டிலிருந்து, குடல் பாக்டீரியா கார்னிடினை ரத்தக் குழாய்க்குக் கெடுதலான பொருளாக மாற்ற வழி செய்கிறது என்று இன்னொரு கட்டுரை. மாமா காதில் இது விழாமல் இருந்தால் சரி.

பால் கணக்குக் காலண்டர்

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பால்காரருக்குக் கணக்கு முடிக்க அம்மா மாதக் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். எங்கள் வீட்டில் எல்லாமே அதில்தான். பால் வாங்காத நாளுக்குப் பெருக்கல் குறி, கேஸ் சிலிண்டர் மாற்றிய நாளுக்கு ஒரு ‘கே’, நல்லதண்ணி விட்ட நாளுக்கு நீல மையில் ஒரு கோடு. பென்சிலில் சின்னச் சின்ன வட்டங்களும் இருந்தன. இது என்ன என்று கேட்டேன். “உங்கப்பா நாக்குல மாத்திரை போட்ட நாளு. டாக்டர் எழுதி வைக்கச் சொன்னாரு.”

பால் கணக்கை மறந்துவிட்டேன். பக்கங்களைத் திருப்பி எண்ணினேன். டிசம்பரில் பதினான்கு வட்டம். மார்கழி பிறந்ததும் நெருக்கமாக, அடுத்தடுத்த நாட்களில்கூட. ஜனவரி முதல் தேதி ஒன்று. அப்புறம் பொங்கல் வரை இரண்டே இரண்டு. பொங்கலுக்குப் பின் மாதக் கடைசி வரை இரண்டு. பிப்ரவரி முழுக்க ஒன்று.

வட்டங்கள் குறைந்தது டப்பா வந்த பிறகு இல்லை, வருவதற்கு முன்பே.

ஜனவரி 2ஆம் தேதிக் கட்டத்தில் அம்மாவின் கையெழுத்தில் ‘டாக்டர்’ என்று இருந்தது. பீரோவிலிருந்து அப்பாவின் ஃபைலை எடுத்தேன். அன்றைய சீட்டில் இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை 25லிருந்து 50 மில்லிகிராமாகக் கூட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: ‘பனியில் நடக்க வேண்டாம், 7 மணிக்கு மேல்’. அப்பா அதுவரை ரேஸ்கோர்ஸில் ஐந்தரைக்கே நடந்துகொண்டிருந்தார். மார்கழிக் குளிர், மேகமூட்டம், மஃப்ளர் வேறு கட்டமாட்டார். மாத்திரை கூடியது, நேரம் மாறியது, பனியும் போனது. மூன்றும் பதினைந்து நாளுக்குள். நான்காவதாகத்தான் டப்பா வந்தது. பேர் மட்டும் அதற்குக் கிடைத்தது. மாத்திரையின் நிறம் மாறவில்லை, பட்டையும் பழைய பட்டை மாதிரியேதான். அதனால் அது மாறியதே அப்பாவின் மனதில் பதியவில்லை. மாமா வந்தது பதிந்தது. மாட்டுப் பொங்கல், கறிக்குழம்பு, நோபல் பரிசு, புது ருசி. நினைவு எதைப் பிடித்துக்கொள்ளும்?

மருதமலைக்கும் பதில் கிடைத்தது. உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினால் நெஞ்சுவலிக்காரர்களுக்கு இரண்டாவது மூன்றாவது முயற்சி முதலாவதைவிடச் சுலபமாக இருப்பது மருத்துவத்தில் பழைய சங்கதி. இதயம் சூடு பிடித்துக்கொள்கிறது என்பார்கள். மண்டபங்களைக் கட்டிவைத்தவர்கள் ஏதோ தெரிந்துதான் கட்டியிருக்கிறார்கள்.

காலண்டரை அப்பா முன்னால் விரித்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை, வட்டங்களை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினேன். அவரே எண்ணினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்ப எண்ணினார். தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் சர்வே எண்களோடு குடித்தனம் நடத்தியவர், தேதியை ஏமாற்ற அவருக்கு மனம் வராது. கடைசியில் சொன்னார்: “பவுடர் வரப்போகுதுன்னு தெரிஞ்சதுமே வலி பயந்துக்கிச்சு போல.” அம்மா சிரித்த சிரிப்பில் பால் பொங்கி அடுப்பு அணைந்தது.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது டப்பாவை அப்பாவே மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்தார். டாக்டர் லேபிளைத் திருப்பிப் பார்த்தார். “இதுவும் பிரஷரை இறக்கும், நான் குடுக்கிற மாத்திரையும் இறக்கும். படுத்து எந்திரிக்கும்போது தலை சுத்துதுங்களா?” “லேசா இருக்குதுங்க” என்றார் அப்பா. எங்களிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. “நிறுத்திடுங்க. முன்னாடியே ஏன் சொல்லல?” மொத்தமே அரை நிமிடம். நான் ஒரு மாதம் படித்ததைப் பற்றி அவர் கேட்கவில்லை, நானும் வாய் திறக்கவில்லை. வெளியே வந்ததும் அப்பா கேட்டார்: “உன் மாமனுக்கு என்ன சொல்றது?” அதுதான் அவருக்குப் பெரிய கவலை. காசு போட்டு வாங்கி, பஸ் பிடித்துக் கொண்டு வந்து கொடுத்தவர்.

ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார் என்று மட்டும் சொல்லிவைத்தோம். அவரும் சரி என்றார்.

இந்த மார்கழியில் இதுவரை ஐந்து வட்டம். போன வாரம் மாமாவிடமிருந்து ஃபோன். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். “மச்சான், பீட்ரூட்ல நைட்ரேட் இருக்குதாம், அதே சங்கதிதான், இது இயற்கை வேற…” அப்பா கொஞ்ச நேரம் உம் கொட்டிவிட்டு, “இரு மாப்ள, பாப்பா இருக்கா. அவதான் எடை போடுவா” என்று ஃபோனை என் பக்கம் நீட்டினார்.